ஒட்டினால்தான் மருந்து

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு" என்றுதான் சங்கச் செயலாளர் சொன்னார். பேசி முடித்து இறங்கியதும், "அதை அப்படியே எழுதிக் கொடு, மலரில் போடவேண்டும்" என்றார். மேடையில் நேரம் போதாமல் விட்டுப்போன சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பொறுத்தருள்க.

எனக்குச் சொந்த ஊர் வாலிகண்டபுரம். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே இருக்கிறது. வாலீஸ்வரர் கோயிலைச் சொன்னால் சிலருக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது அது திருச்சி மாவட்டம். 1995-ல்தான் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. மாவட்டம் மாறினாலும் வேலை மாறவில்லை. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மூன்றுமே இடுப்பை ஒடிக்கும் வேலை. வெங்காயக் கொல்லையில் களை எடுப்பதென்றால் காலையில் குனிந்தவர்கள் மத்தியானம் கஞ்சிக்குத்தான் நிமிர்வார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

அந்த நாளில் வலி வந்தால் என் ஆயா பற்று போடுவார். புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டில் சுளுக்கின் மேல் தடவி, காயவிட்டுவிடுவார். சுக்கை உரசிப் போடுவதும் உண்டு. சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32, புறமருந்து 32 என்று பிரித்திருக்கிறார்கள். பற்று என்பது அந்தப் புறமருந்துகளில் ஒன்று. அந்தச் சொல்லைப் பாருங்கள். ஒட்டிக்கொள்வதற்கும் பற்று என்றுதான் பேர், மருந்துக்கும் அதே பேர். மருந்து பற்றிக்கொண்டு நிற்கவேண்டும் என்பது பேரிலேயே இருக்கிறது. இதை நான் புரிந்துகொள்ள பட்டப்படிப்பு, மேற்படிப்பு, பத்து வருஷ வேலை எல்லாம் தேவைப்பட்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஆயா காலம் போய் மாத்திரைக் காலம் வந்தது. அம்மா கூலிக்குப் போகும் நாளில் கடையில் இரண்டு வலி மாத்திரை உதிரியாக வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். காலையில் ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று. என்ன மாத்திரை என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்டதில்லை. பார்மசி படித்த பிள்ளை நான்! ஒரு நாள் கறுப்பாக மலம் போய், மயக்கம் போட்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரைப்பையில் புண், ரத்தக்கசிவு. "எத்தனை நாளாக வலி மாத்திரை சாப்பிடுகிறார்கள்?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஏன் அப்படி ஆயிற்று என்பது இங்கே மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக்கூடத் தெரியும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கண்டுபிடித்தார். 1982-ல் நோபல் பரிசும் பெற்றார். முட்டியில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது அந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுவதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகப் பார்த்துக்கொள்வதும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். முட்டிக்காக விழுங்கிய மாத்திரைக்கு முட்டி எது, இரைப்பை எது என்று தெரியாது. எல்லா இடத்துக்கும் போய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

அப்படியானால் மருந்தை முட்டிக்கு மட்டும் கொடுத்தால் என்ன? தோலின் மேலேயே ஒட்டிவிட்டால் என்ன? பிளாஸ்திரி மருந்தின் யோசனை அவ்வளவுதான். புது யோசனையும் இல்லை. ஜப்பானில் ஹிசமிட்சு கம்பெனி 1934-லேயே சலோன்பாஸ் பிளாஸ்திரியை விற்க ஆரம்பித்தது. நம்மிடம் தடவுகிற தைலமாக அமிர்தாஞ்சன் 1893-லிருந்து இருக்கிறது. ஆனால் தைலத்தில் எவ்வளவு தடவினோம், எவ்வளவு வேட்டியில் போயிற்று என்று கணக்குச் சொல்ல முடியாது. பிளாஸ்திரியில் முடியும்.

இங்கே முதலாமாண்டு மாணவர்களுக்காக ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பேட்ச் என்றால் இரண்டு ஜாதி. ஒன்று, தோல் வழியாக மருந்தை ரத்தத்துக்கே அனுப்புவது. 1979-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, பயணத்தில் வாந்தி வராமல் தடுக்கும் ஸ்கோபாலமின் பேட்ச்தான் அதில் முதலாவது. பிறகு நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின், சிகரெட்டை விடுவதற்கு நிக்கோடின் என்று வரிசையாக வந்தன. இரண்டாவது ஜாதி, ஒட்டிய இடத்துக்குக் கீழேயே வேலை செய்வது. ரத்தத்தில் அது குறைவாகப் போனால்தான் நமக்குச் சந்தோஷம். 2007-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டைக்ளோஃபெனாக் எபோலமின் பேட்ச் இந்த ஜாதி. பத்து சென்டிமீட்டருக்குப் பதினான்கு சென்டிமீட்டர் பேட்சில் 180 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து நானோகிராம்கூடத் தாண்டுவதில்லை. 50 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினால் அது ஆயிரத்தைத் தாண்டும். வித்தியாசத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, தோல் சும்மா விட்டுவிடுமா? நம் தோலின் மேலடுக்கு ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. பத்திலிருந்து இருபது மைக்ரான்தான். ஆனால் அது கோட்டைச்சுவர். செத்த செல்கள் செங்கல் மாதிரி, நடுவில் கொழுப்பு சுண்ணாம்புச் சாந்து மாதிரி. தண்ணீரில் மட்டும் கரைகிற மருந்து அந்தக் கொழுப்பில் நுழையாது. கொழுப்பில் மட்டும் கரைகிற மருந்து அங்கேயே உட்கார்ந்துவிடும், கீழே இறங்காது. மூலக்கூறு எடை ஐந்நூறுக்குள் இருந்தால் நல்லது என்பது ஒரு பொதுவான கணக்கு. டைக்ளோஃபெனாக் 296, கீட்டோபுரோஃபென் 254, இபுபுரோஃபென் 206. மூவரும் வாசலில் நுழையக்கூடிய ஆட்கள்தான். அமிலமாகவே விடுவதா, எந்த உப்பாக மாற்றுவது, ஓலியிக் அமிலமோ மென்தாலோ சேர்த்துச் சாந்தைக் கொஞ்சம் இளக்குவதா என்பதெல்லாம் அதற்கு மேல் செய்யும் வேலை.

என் மேற்படிப்பு பிராஜெக்ட் இதில்தான். அந்தக் காலத்தில் பேட்ச் செய்த விதத்தைச் சொன்னால் இன்றைய மாணவர்கள் சிரிப்பார்கள். பெட்ரி டிஷ்ஷில் பாதரசத்தை ஊற்றி, அதன் மேல் ஒரு கண்ணாடி வளையலை மிதக்கவிட்டு, வளையலுக்குள் பாலிமரும் மருந்தும் கரைந்த கரைசலை ஊற்றுவோம். கரைப்பான் ஒரேயடியாகப் பறந்துவிடாமல் மேலே ஒரு புனலைக் கவிழ்த்து வைப்போம். மறுநாள் காலையில் வளையலுக்குள் மெல்லிய படலம் நிற்கும். வளையலை வாங்கிக்கொண்டு வந்தது பக்கத்து வளையல் கடையில்தான். "எந்தப் பொண்ணுக்கு?" என்று கடைக்காரர் கேட்டதற்கு நான் "எத்தில் செல்லுலோஸுக்கு" என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பாதரசத்தை அப்படிக் கையாண்டது தப்பு என்று இப்போது தெரிகிறது. யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

படலத்தை ஃபிரான்ஸ் செல்லில் வைத்துப் பார்ப்போம். தாமஸ் ஃபிரான்ஸ் என்பவர் 1975-ல் எழுதிய முறை. மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை, நடுவில் பன்றிக் காதுத் தோலோ எலித் தோலோ. கீழ் அறையில் மணிக்கு எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று எடுத்து அளப்போம். கோடு நேராக ஏறினால் சந்தோஷம். என் கோடு அழகாக ஏறியது. நல்ல மார்க் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து டிராயரில் இருந்த மிச்சப் படலத்தை எடுத்துப் பார்த்தால், உள்ளே ஊசி ஊசியாய்ப் படிகம். கரைந்திருந்த மருந்து திரும்ப உறைந்துவிட்டது. படிகமாகிவிட்ட மருந்து தோலுக்குள் சரியாகப் போகாது. இது என் டிராயரில் மட்டும் நடந்த கூத்து என்று நினைக்காதீர்கள். பார்க்கின்சன் நோய்க்கான ரோட்டிகோட்டின் பேட்சை இதே படிகப் பிரச்சினையால் 2008-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சரிசெய்து மறுபடி அங்கே வர 2012 ஆயிற்று. பெரிய கம்பெனிகளையே இந்தப் படிகம் உட்காரவைத்திருக்கிறது.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சமயம், நான் வேலை பார்த்த கம்பெனியில் வலிக்கான பேட்ச் ஒன்றைச் செய்யும் குழுவில் என்னைப் போட்டார்கள். எனக்கு இது விதி மாதிரி தோன்றியது. மருந்து சேர்ப்பது, படிகம் வராமல் பிவிபி சேர்ப்பது, இதெல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. பசையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்ரிலிக் பசை வெளியிலிருந்து வரும், அதில் மருந்தைக் கலப்போம். ஒட்டும் திறனுக்கு ஒரு சோதனை உண்டு. பளபளப்பான ஸ்டீல் தகட்டில் பேட்சை ஒட்டி, மெஷினில் மாட்டி உரித்து, எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று அளப்பது. எங்கள் பேட்ச் அதில் கம்பீரமாகப் பாஸ் ஆனது.

ஒரு பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகும்போது மருந்து சேர்க்காத வெறும் பசைப் பேட்ச் பத்து கையில் எடுத்துப்போனேன். மருந்துள்ளதை அனுமதி இல்லாமல் யாருக்கும் ஒட்டக்கூடாது, அம்மாவாக இருந்தாலும்தான். ஒட்டுகிறதா என்று பார்க்க மட்டும் ஆசை. காலை ஆறு மணிக்கு அம்மாவின் முட்டியில் ஒன்று, இடுப்பில் ஒன்று ஒட்டிவிட்டேன். பருத்தி எடுக்கப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, மடியிலிருந்து சுருட்டின மாதிரி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்தா உன் மருந்து. ஒண்ணு பத்து மணிக்கே பருத்திச் செடியில ஒட்டிக்கிச்சு. இன்னொண்ணு சேலையோட போயிடிச்சு. ஏன்டா தம்பி, ஏ.சி. ரூம்புல உக்காந்து செஞ்சியா?"

ஸ்டீல் தகடு வேர்க்காது, குனிந்து நிமிராது, சேலை உரசாது. எங்கள் சோதனை எல்லாமே வேர்க்காத ஒரு ஆளுக்காக இருந்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பேட்ச் விளிம்பில் ஒரு விரல்கடை எழும்பினால், அந்த இடத்தில் மருந்து தோலைத் தொடவில்லை என்று அர்த்தம். பாதி எழும்பினால் டோஸ் பாதி. விழுந்துவிட்டால் டோஸ் பூஜ்ஜியம். பசை என்பது மருந்தைச் சுற்றியுள்ள பொட்டலம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, அது மருந்தின் ஒரு பங்கு.

அம்மா இன்னொன்றும் சொன்னார். "ஆனா ஒட்டியிருந்த வரைக்கும் வலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரிதான் இருந்திச்சு." அதில் ஒரு மில்லிகிராம் மருந்துகூட இல்லை! பிள்ளை செய்ததாயிற்றே என்ற தெம்பு, ஒட்டிய இடத்தின் இதம், இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. அதனால்தான் வலி பேட்சைச் சோதிக்கும்போது மருந்தில்லாத அதே பேட்சை இன்னொரு கூட்டத்துக்கு ஒட்டி ஒப்பிட்டே ஆகவேண்டும். "எங்கள் பேட்ச் ஒட்டியவர்களுக்கு வலி குறைந்தது" என்று யாராவது தனியாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஒப்பிட்டது எதனோடு என்று கேளுங்கள்.

லீவு முடிந்து வந்து குழுவில் சொன்னேன். சிரித்தார்கள், பிறகு யோசித்தார்கள். அதன் பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாஸ்டிக் முதுகுப்படலத்தை எடுத்துவிட்டு, இழுத்தால் இழுபடும், ஆவி வெளியேறும் துணியைப் போட்டோம். முட்டி மடங்கும்போது அதுவும் கூடவே மடங்கியது. நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டினோம். கூர்மூலையில்தான் முதலில் எழும்புகிறது. வேர்வையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் பாலிமரைப் பசையோடு கலந்தோம். ரொம்ப ஒட்டவும் கூடாது. வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி. பசை முரடாக இருந்தால் உரிக்கும்போது தோலும் வந்துவிடும். ஒட்டவும் வேண்டும், வலிக்காமல் உரியவும் வேண்டும், நடுவில் மருந்தையும் விடவேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். வெளிநாட்டில் பேட்ச் ஒட்டுதலுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒட்டியிருந்தால் 0, முழுதாக விழுந்துவிட்டால் 4. நம் பரீட்சைக்கு நேர்மாறு. இங்கே பூஜ்ஜியம் வாங்கினவன்தான் முதல் வகுப்பு. நாங்கள் 4-ல் ஆரம்பித்து 1 வரை வந்தோம்.

அதற்குள் நிர்வாகம் வேறு மருந்துக்கு முன்னுரிமை கொடுத்து எங்கள் திட்டத்தை மூடிவிட்டது. எங்கள் பேட்ச் கடைக்கு வரவே இல்லை. வருத்தம்தான். ஆனால் வேறு கம்பெனிகளின் டைக்ளோஃபெனாக் பேட்சுகள் நம் நாட்டில் கிடைக்கின்றன. டாக்டரைக் கேட்டுக்கொண்டு அம்மாவுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். பகலில் நிற்காது என்று தெரிந்துகொண்ட அவர், சாயங்காலம் குளித்து, முட்டியை நன்றாகத் துடைத்து, காற்றாட விட்டு, படுக்கப்போகும்போது ஒட்டிக்கொள்கிறார். காலையில் எடுத்துவிடுகிறார். பத்து வருஷம் லேபில் இருந்த எனக்குத் தோன்றாத யோசனை!

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். கீட்டோபுரோஃபென் நல்ல மருந்து. ஜப்பானில் அதன் பேட்ச் மிகவும் பிரபலம். ஆனால் அது பட்ட தோலில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளம், கடும் அரிப்பு வருகிறது. 2010-ல் ஐரோப்பிய மருந்து முகமை இதை ஆராய்ந்து, உபயோகிக்கும்போதும் நிறுத்தியபின் இரண்டு வாரமும் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது என்று எச்சரித்தது. இரண்டு வாரம்! பெரம்பலூர் சித்திரை வெயிலில் முழங்கை வரை சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு களை வெட்டும் ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வது? யாராவது சொல்லியாக வேண்டும். அந்த யாரோ, கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் நாம்தான்.

மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பேட்ச் கேட்டு வருகிறவரிடம் முதலில் "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேளுங்கள். பேட்சும் ஒட்டிக்கொண்டு, வலி மாத்திரையும் விழுங்கினால் நாம் இரைப்பையைக் காப்பாற்றவில்லை. ஆஸ்பிரின் சாப்பிட்டால் மூச்சிரைப்பு வருகிறவருக்கு இது ஆகாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக்கூடாது. புண்ணின் மேல், சொறியின் மேல் வேண்டாம். ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பை வைத்தால் மருந்து அளவுக்கு மேல் இறங்கும். எடுத்த பேட்சிலும் மருந்து மிச்சமிருக்கும். பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடச் சொல்லுங்கள். கணுக்கால் சுளுக்கு, முட்டி, முழங்கை போல எலும்பும் தசையும் மேலாக இருக்கும் இடத்தில்தான் இது நன்றாகப் பேசும். ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டுக்கு அவ்வளவு தூரம் இறங்காது. அதைச் சொல்லாமல் விற்றால் ஒரு வியாபாரம் நடக்கும், ஒரு நம்பிக்கை போகும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் பிராஜெக்டுக்குப் பேட்ச் எடுப்பீர்கள். ஃபிரான்ஸ் செல் கோடு நேராக ஏறியதும் தீசிஸைக் கட்டிவிடாதீர்கள். மருந்தில்லாத பேட்சைச் செய்து, கல்லூரி நெறிக்குழுவின் அனுமதியோடு, ஒப்புக்கொள்கிறவர்களின் கையில் ஒட்டி, பத்து மணிக்கு எத்தனை மிச்சம், பன்னிரண்டு மணிக்கு எத்தனை மிச்சம் என்று குறித்து வாருங்கள். வெயில், வேர்வை, குனிவு மூன்றும் இருக்கிற இடமாகப் பாருங்கள். அந்த ஒரு பக்கக் கணக்கு உங்கள் தீசிஸில் மற்ற எல்லாப் பக்கத்தையும்விட உபயோகமாக இருக்கலாம். இப்படி ஒரு பிராஜெக்டுக்கு ஆகும் செலவை நம் சங்கம் வருஷத்துக்கு ஒரு மாணவருக்கு ஏற்றால் என்ன என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். முதல் வருஷத்துப் பணத்தை நான் தருகிறேன். இடம் வேண்டுமென்றால் வாலிகண்டபுரத்தில் எங்கள் கொல்லை இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு அம்மா போடுவார். கூடவே உங்கள் பேட்சைப் பற்றி அபிப்பிராயமும் சொல்வார். அதற்கு மட்டும் தயாராக வாருங்கள்.